திரும்பி வந்த உறைகளை முதலில் எண்ணுங்கள்

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் அரசு ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் உறுப்பினர்கள் 412 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். மாதந்தோறும் 16 பக்க இதழ் ஒன்றை அச்சிட்டு எல்லோருக்கும் தபாலில் அனுப்புகிறோம். அச்சுக்கு மாதம் 6,200 ரூபாய், தபாலுக்கும் உறைக்கும் 2,100 ரூபாய் ஆகிறது. சந்தாவில் ஐந்தில் நான்கு பங்கை இதழே விழுங்கிவிடுகிறது என்கிறார் பொருளாளர். வாட்ஸ்அப் குழுவில் 190 பேர் இருக்கிறோம், எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடலாம் என்பது அவர் வாதம். மூத்தவர்கள் சிலரோ, இதழ் இல்லாமல் என்ன சங்கம் என்று கோபப்படுகிறார்கள். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினக் கூட்டத்தில் முடிவெடுத்தாக வேண்டும். செலவுக்கு ஏற்ற மதிப்பு ஓர் இதழுக்கு இருக்கிறதா என்று எப்படிக் கணிப்பது? மூன்று இதழ்களையும் வரவு செலவுத் தாளையும் இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள செயலாளர் ஐயா,

மூன்று இதழ்களையும் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். கணக்குத் தாளையும் பார்த்தேன். பதிலுக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன்: மாதா மாதம் உங்களுக்குத் திரும்பி வரும் உறைகளை என்ன செய்கிறீர்கள்? 412 பேருக்குத் தபால் போட்டால் பத்துப் பன்னிரண்டாவது திரும்பி வரும். 'வீடு மாறிவிட்டார்', 'கதவு பூட்டியுள்ளது', 'காலமானார்' என்று தபால்காரர் பேனாவால் எழுதியிருப்பார். பெரும்பாலான சங்க அலுவலகங்களில் அந்த உறைகள் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. அவற்றைக் கீழே போட்டுவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பொருளாளர் சொல்வது தவறில்லை. ஆனால் பாதிக் கணக்குதான். அச்சும் தபாலும் சேர்த்து ஆண்டுக்கு 99,600 ரூபாய், சந்தா வரவு 1,23,600 ரூபாய். ஐந்தில் நான்கு பங்கு சரிதான். ஆனால் உங்கள் தாளின் இரண்டாம் பக்கத்தில் 'இதர வரவு' என்ற தலைப்பின் கீழ், இதழில் வரும் விளம்பரங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் வரவு வைத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு 18,000. இதழ் நின்றால் அந்த வரவும் நிற்கும். ஆக இதழின் உண்மைச் செலவு 81,600 ரூபாய். ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 198 ரூபாய், ஒரு பிரதிக்குப் பதினாறரை ரூபாய். கூட்டத்தில் எண்பது விழுக்காடு என்று தொடங்கினால் எல்லோரும் பதறுவார்கள். ஒருவருக்குப் பதினாறரை ரூபாய்க்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று தொடங்கினால் யோசிப்பார்கள்.

அந்தப் பதினாறரை ரூபாய்க்கு இப்போது என்ன கிடைக்கிறது? மூன்று இதழ்களிலும் பக்கங்களை எண்ணினேன். பொன்னாடைப் படங்களும் வாழ்த்துகளும் ஐந்து பக்கம். அரசாணைகளை அப்படியே எழுத்துக்கு எழுத்து அச்சிட்டது நான்கு பக்கம். விளம்பரம் இரண்டு, கவிதையும் உடல்நலக் குறிப்பும் இரண்டு, கூட்ட நடவடிக்கை ஒன்று. மிச்சம் இருப்பது இரண்டே பக்கம்: ஒன்றில் மறைந்தோர் பட்டியலும் நன்கொடைக் கணக்கும், இன்னொன்றில் கேள்வி பதில்.

அந்தக் கேள்வி பதில் பக்கத்தை எழுதுபவர் யாரென்று தெரியவில்லை. கருவூலத்தில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். கணவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண் ஒருவர், 80 வயது நிறைந்தும் கூடுதல் ஓய்வூதியம் வரவில்லை என்று கேட்கிறார். இவர் விதியை ஒப்பித்துவிட்டுப் போகவில்லை. ஓய்வூதியக் கொடுப்பாணையை எடுத்து, அதில் மனைவியின் பிறந்த தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள் என்கிறார். பல பழைய ஆணைகளில் அந்த இடம் காலியாக இருக்கும், வயதுக்குச் சான்று கொடுத்து அதைப் பதியவைக்காதவரை கணினி உங்களுக்கு 80 வயது ஆனதை அறியாது என்கிறார். எட்டே வரி. என் கணிப்பில் அந்த இதழின் முழுச் செலவும் அந்த எட்டு வரியில் தேறிவிடுகிறது. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதல், 85-இல் 30, 90-இல் 40. ஒருவருக்கு அது ஓராண்டு வராமல் போனால் எவ்வளவு இழப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒருவர், இருவர் அந்த வரிகளைப் படித்துக் கருவூலத்துக்குப் போயிருந்தால், அவர்கள் ஆயுள் முழுவதும் கட்டும் சந்தாவைவிட அதிகமாகவே சங்கம் அவர்களுக்குத் திருப்பித் தந்துவிட்டது.

ஆகவே, 'எத்தனை பேர் படிக்கிறார்கள்' என்ற கேள்வியோடு நில்லாதீர்கள். இந்த இதழால் யாருக்கு எந்தக் காரியம் நடந்தது, இது நின்றால் யாருக்குச் செய்தி போய்ச் சேராது என்று விசாரியுங்கள். சங்க இதழ்களோடு இருபத்தாறு ஆண்டுகளாகப் பழகிவருகிறேன். வணிகர் சங்கம், ஆசிரியர் சங்கம், மருத்துவர் சங்கம் என்று எந்த இதழ் கையில் வந்தாலும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறேன். கேட்காமல் விட்டு ஒரு முறை பெரும் பிழை செய்திருக்கிறேன்.

வேறொரு மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சங்கம் ஒன்று. நிலைமை உங்களுடையதைப் போன்றதே. இதழ் பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்று நிர்வாகிகள் சொன்னார்கள். நான் நான்கைந்து வீடுகளுக்கு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம், நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு மறைந்த உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் மனைவி கூடத்து அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே ஓய்வூதியக் கொடுப்பாணை, வங்கிப் புத்தகம், அவற்றோடு நான்காக மடித்த இதழ்ப் பக்கம் ஒன்று. 'குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும்' என்ற பக்கம் அது. பழைய இதழிலிருந்து கணவர் கிழித்து வைத்தது. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் நைந்து, மூன்றாவது வரி படிக்க முடியாமல் போயிருந்தது. ஓரத்தில் சங்கச் செயலாளரின் தொலைபேசி எண். அந்த அம்மா அந்த எண்ணுக்குப் பல முறை பேச முயன்றிருக்கிறார். அந்தச் செயலாளர் அதற்குள் மாறிவிட்டிருந்தார். புதிய எண் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது.

இதழ் வந்துகொண்டிருந்திருந்தால் அதன் பின்னட்டையில் புதிய எண் இருந்திருக்கும். அல்லது கணவர் பெயருக்கு வந்த உறை திரும்பிப் போய், அவர் மறைந்த செய்தியைச் சங்கத்துக்குச் சொல்லியிருக்கும். ஏழு மாத ஓய்வூதியத்தை அந்தக் குடும்பம் பிறகு பெற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஏழு மாதம் அவர்கள் வாழ்ந்த விதத்துக்கு என் கையெழுத்தும் ஒரு காரணம். அதன் பிறகு ஒரு சங்கத்துக்கும் வீடு வீடாக விசாரிக்காமல் நான் எழுதிக் கொடுத்ததில்லை.

திரும்பி வரும் உறைகளைப் பற்றி முதலிலேயே கேட்டதற்குக் காரணம் இதுதான். உங்கள் சங்கத்திடம் இருக்கும் நம்பகமான இறப்புப் பதிவேடு அது. 'காலமானார்' என்று எழுதி வந்த உறை எதுவானாலும், இரண்டு நாளுக்குள் அந்த வீட்டுக்கு நிர்வாகி ஒருவர் போக வேண்டும். குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம், குடும்பப் பாதுகாப்பு நிதி, வங்கிக்குத் தகவல் என்று எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். வாட்ஸ்அப் செய்தி இப்படித் திரும்பி வருவதில்லை. ஒற்றைச் சாம்பல் குறியோடு நின்றுவிடும். அதை யாரும் கவனிப்பதில்லை.

உங்கள் பொருளாளரின் வாதத்தையும் மதிக்கிறேன். 190 பேருக்கு அதே நிமிடத்தில் செய்தி போகிறது; காசு செலவில்லை. அகவிலைப்படி உயர்வு அறிவிப்பு மாலையில் வந்தால் இரவுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதை ஒரு மாதம் கழித்து நான்கு பக்கத்தில் அச்சிடுவது வீண். அந்த நான்கு பக்கத்தை நானும் நீக்கிவிடுவேன். ஆனால் 412-இலிருந்து 190 போனால் 222 பேர் மிச்சம். அந்த 222 பேர் யார்? உறுப்பினர் பதிவேட்டைக் குழுவின் பட்டியலோடு வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். ஒரு மாலை போதும். 80 வயது தாண்டியவர்களும், குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களும், கிராமத்து வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களும் அந்தப் பக்கத்தில்தான் குவிந்திருப்பார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. கூட்டத்துக்கு வந்து கை தூக்குபவர்களோ பெரும்பாலும் இந்த 190 பேர். இதழ் வேண்டுமா என்று கூட்டத்தில் வாக்கெடுத்தால், அது இல்லாமலும் காலம் தள்ளக்கூடியவர்களே முடிவெடுப்பார்கள். அது நியாயமாகாது.

அதனால் டிசம்பர் 17-க்கு முன்பே விசாரித்துவிடுங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு பதினான்காவது பெயரையும் குறித்துக்கொண்டால் 29 பேர் வருவார்கள். உங்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடு அதில் நுழையாது. அந்த 29 வீட்டுக்கும் பேசுங்கள்; முடிந்தால் பத்து வீட்டுக்காவது நேரில் போங்கள். பொருளாளரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். 'இதழ் எப்படி இருக்கிறது' என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரிடம் 'பிரமாதமாக இருக்கிறது' என்பதைத் தவிர வேறு பதில் யாரும் சொல்லமாட்டார்கள். 'போன மாத இதழ் இப்போது எங்கே இருக்கிறது, கொஞ்சம் எடுங்களேன்' என்று கேளுங்கள். சிலர் உறையே பிரிக்காமல் எடுத்து வருவார்கள். சிலர் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதாகச் சொல்வார்கள். சிலர் பென்ஷன் பைக்குள்ளிருந்து எடுப்பார்கள். எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, எங்கே பேனாக் கோடு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, 'இதழைப் பார்த்து நீங்கள் செய்த காரியம் ஏதாவது உண்டா' என்று கேளுங்கள். ஆண்டு நேர்காணல் (உயிரோடு இருப்பதை உறுதிசெய்வது) மாதம் தெரிந்து கருவூலத்துக்குப் போனது, மறைந்த நண்பரின் வீட்டுக்குப் போனது, காப்பீட்டு அட்டையில் பெயர் திருத்தியது என்று எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யார் அதைப் படிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மறைந்தோர் பட்டியலை முதலில் படிப்பவர் பெரும்பாலும் உறுப்பினரின் மனைவியாக இருப்பார். அவரை உங்கள் உறுப்பினர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் நாளை குடும்ப ஓய்வூதியம் வாங்கப் போகிறவர் அவர்தான்.

29 பேரில் ஒருவர்கூட ஒரு காரியத்தையும் சொல்லவில்லை என்றால், இதழை நிறுத்துங்கள், நானே ஆமோதிப்பேன். ஐந்தாறு பேர் சொன்னால் நடத்துங்கள், ஆனால் இப்போதைய வடிவத்தில் வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். அவசரச் செய்தி வாட்ஸ்அப்பில் போகட்டும். அந்த 222 பேருக்கு, தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றுத் தொலைபேசியில் சொல்லட்டும். இதழில் நெடுநாள் வைத்துப் பார்க்க வேண்டியவை மட்டும் வரட்டும். பக்கத்தைப் பாதியாக்கிச் செலவைக் குறைக்கலாம் என்று அச்சகத்தில் யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். 16 பக்கம் என்பது ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள். எட்டுப் பக்கமாக்கினால் தாள்தான் பாதியாகும். அச்சு ஏற்றும் கூலி பாதியாகாது, தபால் செலவும் குறையாது. இதழ்களின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் பணம் மிச்சமாகும். ஆண்டுக்கு ஆறு இதழ் என்றால் அச்சும் தபாலும் 49,800 ரூபாயில் முடியும். விளம்பரதாரர்கள் ஆறுக்குச் சம்மதிப்பார்களா என்று முன்னதாகவே பேசிவிடுங்கள்.

மாதந்தோறும்தான் வேண்டும் என்று கூட்டம் விரும்பினால் வேறொரு வழி உண்டு. இப்போது 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டு அனுப்புகிறீர்கள். அதனால் முழுத் தபால் கட்டணம். 2023-ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி இதழைப் பதிவு செய்து, பிறகு அஞ்சல் துறையிலும் பதிவு செய்துகொண்டால், செய்தித்தாள்களுக்கான சலுகைக் கட்டணம் கிடைக்கக்கூடும். 50 கிராம் வரை 25 பைசா என்ற கட்டணம் நெடுங்காலம் இருந்தது. இன்றைய நிலவரத்தையும் நிபந்தனைகளையும் உங்கள் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமாக இருந்த நிபந்தனைகள் இவை: 31 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் வெளிவர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும், நடப்புச் செய்திகள் இருக்க வேண்டும். அவை தொடர்ந்தால், இரண்டு மாத இதழுக்கு இது பொருந்தாது. ஆகவே, குறைத்து நடத்துவது, பதிவு செய்து மாதா மாதம் நடத்துவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

உள்ளடக்கத்தில் என் கைக்கு வேலை கொடுத்தால், கேள்வி பதிலை ஒரு பக்கத்திலிருந்து ஐந்து பக்கமாக்குவேன். அரசாணையின் எண்ணையும் தேதியையும் போட்டு, அது யாருக்குப் பொருந்தும், யார் என்ன செய்ய வேண்டும் என்று பத்து வரியில் சொல்வேன். எழுத்தின் அளவை 14 புள்ளிக்கு உயர்த்துவேன். இப்போது இருக்கும் அளவை 75 வயதுக் கண்ணால் படிக்க முடியாது. உறை பிரிக்கப்படாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்னட்டையில் விளம்பரம் வேண்டாம். நிர்வாகிகளின் பெயர், எண், கருவூலத்தின் முகவரி, ஒருவர் மறைந்தால் வீட்டார் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை ஆகியவை ஒவ்வோர் இதழிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கிழித்துப் பையில் வைப்பதற்கென்றே ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னாடைப் படங்களை ஒரே அடியாக எடுத்துவிடச் சொல்லமாட்டேன். முப்பது ஆண்டு அரசுப் பணி செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, 75-ஆம் பிறந்த நாளில் தன் படம் அச்சில் வருவது சின்ன விஷயமல்ல. ஆனால் ஐந்து பக்கம் அதிகம். ஒரு பக்கம் போதும், அதிலும் தலைவரின் படம் திரும்பத் திரும்ப வேண்டாம். மறைந்தோர் பட்டியலை மட்டும் விரிவாக்குங்கள். பெயரும் தேதியும் மட்டும் போடாமல், எந்த அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தார், எந்த ஊர்க்காரர் என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள்.

ஏனென்றால், இதழின் மதிப்பில் ஒரு பகுதி பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911-இல் தொடங்கியது. அதன் தமிழ்ப்பொழில் இதழ் 1925 முதல் வந்தது. அந்தக் காலத்து இதழ்களை இன்று புரட்டும் ஆய்வாளர் கட்டுரைகளோடு நிற்பதில்லை. சங்கத்தில் என்ன நடந்தது, யார் வந்தார், யார் பேசினார் என்ற சிறு செய்திகளையும் தேடுகிறார். உங்கள் மாவட்டத்தில் 1970-களில் வருவாய்த் துறையிலும் பொதுப்பணித் துறையிலும் வேலை பார்த்தவர்களின் பெயர்களை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் தேடினால், அவை உங்கள் இதழைத் தவிர வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் இதழ்களை இரண்டு தொகுப்புகளாக பைண்டு செய்து வையுங்கள். ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும். இன்னொன்றை மாவட்ட மைய நூலகத்திலோ, இத்தகைய சிற்றிதழ்களைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ பெற்றுக்கொள்வார்களா என்று எழுதிக் கேளுங்கள். பதிவு செய்தால், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி கடமையாகவே ஆகிவிடும்.

கூட்டத்தில் நீங்கள் பேசும்போது ஒன்றை நினைவூட்டலாம். டிசம்பர் 17-ஐ நாம் கொண்டாடுவதற்குக் காரணம் நகரா வழக்கு. 1982-இல் அந்த நாளில் உச்ச நீதிமன்றம், 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர், பின் பெற்றவர் என்று ஓய்வூதியர்களைப் பிரித்தது செல்லாது என்றது. ஓய்வூதியம் அரசு விரும்பிக் கொடுக்கும் இனாம் அன்று, உரிமை என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் தனி ஓய்வூதியர்களோடு ஒரு சங்கமும் இருந்தது. தீர்ப்பு டெல்லியில் வந்தது. ஆனால் எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கும் ஓய்வூதியருக்கு 'உங்களுக்கும் இது பொருந்தும், இந்த மனுவை நிரப்புங்கள்' என்று யாராவது சொன்னால்தான் அந்தத் தீர்ப்பு அவர் கைக்கு வரும். உங்கள் சங்கம் இருப்பதே அந்த வேலைக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். இதழ் அந்த வேலையைச் செய்கிறதா என்பதை அந்த 29 வீடுகள் உங்களுக்குச் சொல்லும்.

விசாரித்த தாள்களை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். கேள்வி பதில் எழுதுகிற அந்த நண்பருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். அவருக்கு வயதாகியிருக்கும். அவரோடு இளையவர் ஒருவரை இப்போதே உட்காரவைத்து, கருவூல நடைமுறைகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்